அன்றாட இன்பமும் நலவாழ்வும்: சமூகவியல் நோக்கிற் சில குறிப்புகள்

1. பிரச்சினை

இன்பம் என்ற சொல்லை ஆய்வுக் கட்டுரையொன்றின் தலைப்பில் இடுவதற்கே நம்மிற் பலர் தயங்குவர். வறுமை, சுரண்டல், போர், இடப்பெயர்வு என்பன பற்றிப் பேசுவதே பொறுப்புள்ள எழுத்து என்றும், மாலை நேரத்துத் தேநீரையும் மழைநாட் சோம்பலையும் நண்பரோடு கூடிச் சிரிக்கும் சிரிப்பையும் பற்றிப் பேசுவது வெறும் பொழுதுபோக்கு என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது.

இத்தயக்கத்துக்கு இரு வேர்கள் உள்ளன. ஒன்று, துறவை உயர்ந்த வாழ்வாகவும் நுகர்வைத் தாழ்ந்த வாழ்வாகவும் கண்ட சமய மரபு. மற்றையது, நாளைய விடுதலைக்காக இன்றைய வாழ்வை ஒறுத்தே ஆகவேண்டும் என்று கருதிய ஒருவகை இயக்க ஒழுக்கம். இவை ஒன்றையொன்று எதிர்ப்பன போலத் தோன்றினும், அன்றாட வாழ்வு தன்னளவில் மதிப்பற்றது, அது வேறொன்றுக்கான காத்திருப்பு மட்டுமே என்னும் முடிவில் ஒன்றுபடுகின்றன. மறுபுறத்தில், இன்பத்தை ஒரு பண்டமாக்கி விற்போர் உளர். மகிழ்ச்சியாக இருப்பது தனிமனிதனது மனப்பயிற்சியைப் பொறுத்தது என்றும், மகிழ்ச்சியின்மை அவனது சொந்தக் குறைபாடு என்றும் இவர்கள் கூறுவர்.

இவ்விரு நிலைப்பாடுகளையும் இக்கட்டுரை ஏற்கவில்லை. அன்றாட இன்பம் நலவாழ்வுக்கு அணிகலன் அன்று, அதன் உறுப்பு. ஆயினும் அது தனிமனிதன் தன் மனத்துள்ளே தோண்டி எடுக்கும் புதையலும் அன்று. உழைப்பு, நேரம், உறவு, உரிமை என்பவற்றால் வரலாற்றில் உருவாக்கப்படுவது அது. 1946இல் வகுக்கப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு, நோயின்மையை மட்டும் உடல்நலம் என்று கொள்ளாது, உடல், உளம், சமூகம் ஆகிய மூன்றினதும் முழுமையான நன்னிலையையே நலம் எனக் கொண்டது. அந்த மூன்றாவது சொல்லிலிருந்தே நமது விசாரணை தொடங்குகின்றது.

2. உவகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் இறுதியாக உவகையை வைத்து, அது தோன்றும் களன்கள் நான்கு என வகுக்கின்றது: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. இவற்றைப் பேராசிரியர் முறையே நுகர்ச்சி, கல்வியின் பயனாகிய அறிவு, கூடல், ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி மகிழ்தல் என்ற பொருள்பட விளக்குவர். ஈண்டு இரண்டு செய்திகள் நம் கருத்தை ஈர்க்கின்றன. முதலாவது, உவகை மனத்தினுள் தானே ஊறுவதாகச் சொல்லப்படவில்லை; பொருள், அறிவு, மனித உறவு, ஆட்டம் என்னும் புற நிலைக்களன்களோடு அது பிணைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது, இத்தகைய உவகைக்கு அல்லல் நீங்கியமை ஓர் அடையாகத் தரப்படுகின்றது. இவ்வடையை இன்று நாம் விரித்து நோக்கி, பிறரது அல்லலின் மீது எழுப்பப்படாத உவகை என்றும் பொருள் கொள்ளலாம். இவ்விரு செய்திகளும் இக்கட்டுரை முழுவதற்கும் உரைகல்லாக அமையும்.

இலக்கண நூலார் வகுத்த இக்களன்களை உழைக்கும் மக்களின் வாழ்விற் காண்பதற்குப் பட்டினப்பாலை உதவுகின்றது. கரிகாலனது காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், அந்நகரத்துப் பரதவர் முழுநிலா நாளிற் கடலுக்குச் செல்லாது தங்கி, சுறாமீனின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் மகிழ்வதைக் காட்டுகின்றார். இது வெறும் வருணனை அன்று. நிலவு வெளிச்சத்தில் மீன்பாடு குறைவு என்பது கடற்றொழிலாளர் பலரும் அறிந்தது. எனவே தொழிலின் இயல்பிலேயே ஓய்வுக்கான நாள் அமைந்திருந்தது. வழிபாடும் உணவும் ஆட்டமும் அந்நாளிற் கூடின. உழைப்பும் இன்பமும் வெவ்வேறு உலகங்களாகப் பிரியாத நிலை இது.

இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறைக்குப் பதிலாகச் சந்திரனின் வளர்வு தேய்வை ஒட்டிய போயா நாட்களே வாராந்த விடுமுறையாக இருந்தன என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். பரதவரின் நிலாநாள் தொழிலிலிருந்து முகிழ்த்தது. போயா வாரம் சட்டத்தினால் விதிக்கப்பட்டது. இரண்டுக்கும் நிலா ஒன்றே. ஆயினும் ஓய்வு எங்கிருந்து வருகின்றது என்பதில் அவை வேறுபடுகின்றன.

உழைப்புக்குள்ளேயே இன்பம் பிறந்த வகையை நாட்டார் பாடல்கள் தெளிவாக உணர்த்தும். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல், துலா மிதித்து நீர் இறைத்தோரின் பாட்டு, அருவி வெட்டுப் பாட்டு, சிலப்பதிகாரம் எடுத்தாண்ட வள்ளைப் பாட்டு ஆகியன தொழிலின் இடையே பாடப்பட்டவை அல்லது அதிலிருந்து பிறந்தவை. ஜேர்மானியப் பொருளியலறிஞர் கார்ல் பியூக்கர் 1896இல் வெளியிட்ட நூலில், கூட்டு உழைப்பின் அசைவொழுங்கிலிருந்தே பாட்டின் தாளம் தோன்றியது என்று வாதிட்டார். பேராசிரியர்கள் கைலாசபதிக்கும் சிவத்தம்பிக்கும் பேர்மிங்ஹாமில் ஆசிரியராக விளங்கிய ஜோர்ஜ் தொம்சன், ஐரிஷ் கிராமத்தவரிடையே தாம் கண்டறிந்தவற்றைக் கொண்டு இக்கருத்தை மேலும் வளர்த்தார். வலையை ஒருங்கே இழுப்பதற்குப் பாட்டு வேண்டும். பாட்டோ இழுப்பவரின் களைப்பைக் குறைக்கின்றது, அவரை ஒருவரோடொருவர் பிணைக்கின்றது. பயனும் இன்பமும் அங்கு ஒரே செயலின் இரு பக்கங்களாக உள்ளன.

ஆயினும் பழைய உழைப்பை இலட்சியப்படுத்தல் ஆகாது. வலை இழுத்தவன் பாடினான் என்பது உண்மை. வலை சம்மாட்டிக்குச் சொந்தமாக இருந்தது என்பதும் உண்மை. பாட்டிற் களைப்பின் குரலும் ஏக்கத்தின் குரலும் கேட்பதற்கு இதுவே காரணம்.

3. எபிக்கியூரசிலிருந்து மார்க்ஸ் வரை

அன்றாட இன்பத்தை மெய்யியலின் மையத்தில் வைத்த தொன்மைச் சிந்தனையாளருள் தலையாயவர் கிரேக்கரான எபிக்கியூரஸ். பெருந்தீனிக்கும் கேளிக்கைக்கும் அவரது பெயர் பிற்காலத்திற் பட்டப்பெயராக்கப்பட்டமை வரலாற்றின் விபரீதங்களுள் ஒன்று. ஏதென்ஸில் அவரது தோட்டத்திற் கூடியவர்கள் பெரும்பாலும் எளிய உணவையே உண்டனர். ஒரு பானைப் பாற்கட்டி கிடைத்தால் அன்று விருந்து என்ற பொருள்பட அவர் நண்பரொருவருக்கு எழுதினார். உடலில் நோவின்மை, மனத்திற் கலக்கமின்மை, நண்பரின் அண்மை என்பனவே அவர் கண்ட இன்பம். பெண்களும் அடிமைகளும் அத்தோட்டத்தில் இடம்பெற்றனர் என்பது அக்காலத்தில் அரிய செய்தி.

கார்ல் மார்க்ஸ் 1841இல் யேனாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றது டெமோக்கிரிற்றஸ், எபிக்கியூரஸ் ஆகிய இருவரின் இயற்கை மெய்யியலிடையே உள்ள வேறுபாடு பற்றிய ஆய்வுக்கே என்பது தற்செயல் அன்று. தெய்வ பயத்திலிருந்து மனிதனை விடுவித்த அறிவொளியாளராக எபிக்கியூரசை அவர் கண்டார். எனினும் அத்தோட்டத்தின் எல்லையும் வெளிப்படை. சுவருக்கு உள்ளே அடிமை நண்பனாக இருந்தான். சுவருக்கு வெளியே அடிமைமுறை தொடர்ந்தது. ஒதுங்கிச் சென்று இன்பம் காணும் எல்லா முயற்சிகளுக்கும் இந்த எல்லை உண்டு.

மார்க்ஸ் 1844இல் எழுதிய, ஆனால் 1932இலேயே முழுமையாக வெளிவந்த பொருளியல், மெய்யியற் கையெழுத்துப் படிகளில் இப்பிரச்சினை புதிய தளத்துக்கு உயர்த்தப்படுகின்றது. அங்கு கூறப்படுவனவற்றை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, கூலி உழைப்பில் மனிதன் தன்னைத் தானாக உணர்வதில்லை. வேலைக்கு வெளியேதான் அவன் தன் வீட்டில் இருக்கின்றான். இதன் விளைவாக, உண்ணல், பருகல் முதலிய விலங்குத் தொழிற்பாடுகளிலேயே அவன் தன்னைச் சுதந்திர மனிதனாக உணர்கின்றான். இரண்டாவது, மனிதப் புலன்கள் இயற்கையாக முழுமை பெற்றுப் பிறப்பன அல்ல; ஐம்புலன்களின் உருவாக்கம் உலக வரலாறு முழுவதினதும் வேலை. பசியால் வாடுபவனுக்கு உணவு உணவாக உள்ளதேயன்றிச் சுவையாக இல்லை. இசை கேட்கும் செவியை இசையே உருவாக்குகின்றது. மூன்றாவது, முதலாளித்துவப் பொருளியல் தன் இதயத்தில் ஒரு துறவியல். குறைவாக உண்பவனும், நாடகத்துக்கும் நண்பர் கூட்டத்துக்கும் போகாதவனும் அதிகம் சேமிக்கின்றான். வாழ்வு குறையுந்தோறும் உடைமை பெருகுகின்றது.

இம்மூன்றாவது கருத்தை இன்று அழுத்திக் கூறவேண்டியுள்ளது. இன்பத்தைச் சந்தேகித்தல் புரட்சிகரமானது என்று எண்ணுவோர், தாம் எதிர்ப்பதாக நினைக்கும் அமைப்பின் ஒழுக்கத்தையே தம்மை அறியாது ஏற்றுக்கொள்கின்றனர். மார்க்ஸின் மருமகனும் கூபாவிற் பிறந்தவருமான போல் லபார்க் 1880இல் ‘சோம்பியிருக்கும் உரிமை’ என்ற தலைப்பிற் பிரெஞ்சு மொழியில் எழுதித் தொழிலாளரை அதிர்ச்சிக்குள்ளாக்கியது இந்த ஒழுக்கத்தை உடைப்பதற்காகவே. வேலை நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலமாகக் குறைக்கவேண்டும் என்ற அவரது வாதத்தின் அங்கதத்துக்குள் ஓர் ஆழ்ந்த உண்மை இருந்தது: இயந்திரம் உழைப்பைக் குறைக்குமாயின், மிஞ்சும் நேரம் யாருக்குச் சொந்தம்?

4. நேரம் யாருடையது?

இன்பத்துக்கு முதலில் வேண்டப்படுவது நேரம். றொபேட் ஓவன் 1817இல் எட்டு மணி நேர உழைப்பு, எட்டு மணி நேர உல்லாசம், எட்டு மணி நேர ஓய்வு என நாளை மூன்றாகப் பகுத்தார். 1856இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரக் கற்றொழிலாளர் வேலையை நிறுத்தி எட்டு மணி நேர நாளை வென்றெடுத்தனர். 1886 மே முதலாந் திகதி சிக்காக்கோவிலும் ஏனைய அமெரிக்க நகரங்களிலும் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கையும் இதுவே. 1919இற் சர்வதேசத் தொழில் அமைப்பின் முதலாவது சமவாயம் கைத்தொழில்களில் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்ற வரையறையை விதித்தது. இலங்கையில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலமும் வாரத்துக்கு 45 மணித்தியாலமும் எனச் சாதாரண வேலை நேரத்தை வரையறுத்தது. மேதின ஊர்வலத்தின் அடிப்படைக் கோரிக்கை ஊதியத்தைப் பற்றியது மட்டுமன்று. மாலை நேரத்தைப் பற்றியது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

இந்நேரம் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு இன்று எண்களிற் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் அமைப்பும் 2021இற் கூட்டாக வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நீண்ட வேலை நேரத்தின் காரணமாக 2016ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 745,000 பேர் பாரிசவாதத்தினாலும் இதய நோயினாலும் இறந்தனர். வாரத்துக்கு 35 முதல் 40 மணித்தியாலம் வரை உழைப்போரோடு ஒப்பிடுகையில், 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் உழைப்போருக்குப் பாரிசவாத ஆபத்து 35 வீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதமும் அதிகம். களைத்து வீடு திரும்புபவனிடம் வாழ்வை இரசிக்குமாறு உபதேசிப்பதன் பொருளின்மையை இவ்வெண்களே உணர்த்துகின்றன.

அவ்வாறாயின் நேரம் இருந்தால் மட்டும் போதுமா? இதற்கு விடை தருவது ஒஸ்திரியாவில் வியன்னாவுக்கு அண்மையில் உள்ள மரியன்தால் என்னும் தொழிலாளர் கிராமம் பற்றிய ஆய்வு. ஊரின் ஒரேயொரு நெசவாலை 1929-1930இல் மூடப்பட்டபோது, 478 குடும்பங்களைச் சேர்ந்த 1,486 பேர் கொண்ட அக்கிராமம் ஏறக்குறைய முழுவதும் வேலையிழந்தது. மரீ யகோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூவரின் ஆய்வு 1933இல் நூலாக வெளிவந்தது. வேலை போனால் நேரம் மிஞ்சும். நேரம் மிஞ்சினால் மக்கள் வாசிப்பர், கூடுவர், அரசியலில் ஈடுபடுவர் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. நூலகத்திற் புத்தகம் இரவல் பெறுவது, கட்டணம் நீக்கப்பட்டிருந்தும், இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. முன்பு பேணப்பட்ட ஊர்ப் பூங்காவிற் புதர் மண்டியது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம் தளர்ந்தது. இடையிடையே காரணமின்றி நின்றனர்.

மரியன்தால் உணர்த்தும் பாடம் முக்கியமானது. வேலையினால் நசுக்கப்பட்ட வாழ்வில் இன்பம் இல்லை; வேலை பறிக்கப்பட்ட வாழ்விலும் இன்பம் இல்லை. ஓய்வு என்பது வெறுமையான நேரம் அன்று. பயனுள்ள உழைப்போடும் நாளைய நம்பிக்கையோடும் தாளகதியில் இணைந்த நேரமே ஓய்வு. முழுநிலா நாளின் ஆட்டம் இனித்தது மற்றைய நாட்களிற் கடல் இருந்தமையால்.

5. மருத்துவம் கண்டறிந்தது

அண்மைக்கால உளமருத்துவமும் வேறொரு வழியாக இவ்வுண்மையை அணுகியுள்ளது. அமெரிக்க உளவியலாளர் பீற்றர் லூவின்சன் 1970களில் மனச்சோர்வு நோய்க்கு ஒரு விளக்கம் தந்தார். ஒருவரது வாழ்விலிருந்து இன்பந்தரும் நிகழ்வுகள் குறையும்போது அவர் சோர்வுறுகின்றார். சோர்வினாற் செயல்களிலிருந்து விலகுகின்றார். விலகலினால் இன்பம் மேலும் குறைகின்றது. இவ்வாறு ஒரு நச்சுச் சுழல் உருவாகின்றது. இதனை ஆராய்வதற்காக அவரும் அவரது சகாக்களும் 320 இன்ப நிகழ்வுகள் அடங்கிய ஒரு பட்டியலைத் தயாரித்தனர். இசை கேட்டல், நண்பரோடு இருத்தல் போன்ற மிகச் சாதாரணமான காரியங்கள் அதில் இடம்பெற்றன.

இவ்வழியில் வளர்ந்த சிகிச்சை முறை, நோயாளியின் மனநிலை மாறும்வரை காத்திராது, அவர் கைவிட்ட சிறு செயல்களைத் திட்டமிட்டு மீண்டும் தொடங்கச் செய்கின்றது. செயல் முன்னே செல்ல, உணர்வு பின்னே வருகின்றது. நீல் யேக்கப்சனும் பிறரும் 1996இல் 150 நோயாளரிடையே நடத்திய ஆய்வில், சிந்தனை முறையையும் சேர்த்து மாற்ற முயலும் முழுச் சிகிச்சைக்கு இச்செயல்வழிப் பகுதி மட்டுமே நிகராக நின்றது. இங்கிலாந்தில் 440 பேரிடையே நடத்தப்பட்டு 2016இல் வெளிவந்த ஆய்வு, நீண்ட உளச்சிகிச்சைப் பயிற்சி பெறாத இளநிலை ஊழியர்கள் அளித்த இம்முறை, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் அளித்த முறைக்குக் குறைந்ததன்று என்றும் செலவிற் குறைவானது என்றும் காட்டியது. கடும் நோய்க்கு வைத்திய உதவி இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும் அன்றாடச் செயல்களின் சிறு இன்பத்துக்கு நலந்தரும் ஆற்றல் உண்டு என்பது நல்லுபதேச மட்டத்திலிருந்து சோதித்தறிந்த உண்மையின் மட்டத்துக்கு உயர்ந்துள்ளது.

இப்பொருள்முதல்வாதப் பண்பை நாம் வரவேற்க வேண்டும். மனத்தை மட்டும் திருத்துவதால் வாழ்வு திருந்தும் என்று அது கூறவில்லை. வாழ்வில் ஒரு செயலை மாற்றினால் மனமும் மாறும் என்கின்றது. ஆயினும் பட்டியலோடு நின்றுவிடல் முடியாது. நண்பரோடு இருத்தல் என்பது பட்டியலில் ஒரு வரி. நண்பர்கள் புலம்பெயர்ந்து போன ஊரில், மாலைக்குள் வீட்டுக்குத் திரும்பவேண்டிய பெண்ணுக்கு, இரண்டு வேலை செய்யும் தொழிலாளிக்கு அவ்வரி எவ்வாறு கைகூடும்?

வட இலங்கையிற் போரின் உளப் பாதிப்புகளை ஆராய்ந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், அங்கு காயமுற்றது தனிமனித மனம் மட்டுமன்று, குடும்பமும் ஊருமாகிய கூட்டுவாழ்வே என்று 2007இல் எழுதினார். அதற்கேற்பச் சமூக மட்டத்திலான அணுகுமுறைகளை அவர் வலியுறுத்தினார். இக்கருத்திலிருந்து பார்க்கும்போது, குலைந்துபோன திருவிழாவை மீண்டும் நடத்துவதும், வாசிகசாலையைத் திறப்பதும், கூத்துக் களரியை மெழுகுவதும் மருத்துவத்துக்குப் புறம்பான காரியங்கள் அல்ல.

6. மறுக்கப்பட்ட இன்பங்கள்

நமது பண்பாட்டில் அன்றாட இன்பங்களுக்குக் குறைவில்லை. ஆடிப்பிறப்பிற் கூழும் கொழுக்கட்டையும், சித்திரை வருடப் பிறப்பில் ஊஞ்சலும் போர்த்தேங்காயும், முற்றத்துக் கிளித்தட்டு, மாட்டுவண்டிச் சவாரி என்று ஒரு நீண்ட பட்டியலைத் தரலாம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலைப் பாடாத தமிழ்ப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் அரிது. ஆயினும் பண்பாடு பற்றிய பெருமிதம், யார் இவற்றில் எந்த இடத்திலிருந்து பங்குகொண்டனர் என்ற வினாவை மூடிவிடலாகாது.

தேநீரையே எடுத்துக்கொள்வோம். களைத்து வந்தவர் கடையிற் குந்தியிருந்து, நாலு பேருடன் ஊர்க்கதை பேசி, சுடச்சுடத் தேநீர் அருந்துவதைக் காட்டிலும் எளிய இன்பம் வேறில்லை. ஆனால் எமது பாட்டன்மார் தலைமுறையில் யாழ்ப்பாணத்தின் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இந்த இன்பம் மறுக்கப்பட்டிருந்தது. கடைக்குள் அவர்கள் அமர முடியாது. வெளியே நிலத்தில் இருந்து, தமக்கென ஒதுக்கப்பட்ட போத்தலிலோ சிரட்டையிலோ வாங்கிக் குடிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் ஏட்டில் இருந்தது; கடைவாசலுக்கு வரவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானது. அதன்பின் தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் ஊர் ஊராகப் போராட்டங்களாக எழுந்தன, உயிர்களும் பலியாயின. கே. டானியலின் ‘பஞ்சமர்’ முதலான நாவல்கள் இவ்வரலாற்றின் இலக்கிய சாட்சியங்கள்.

ஒரு குவளைத் தேநீருக்காக இரத்தம் சிந்தியது ஏன்? தாகம் தீர்க்கச் சிரட்டையே போதுமே! மார்க்ஸ் கூறிய வேறுபாடு இங்கு பொருந்துகின்றது. சிரட்டையிற் கிடைத்தது நீர்மம். கண்ணாடிக் குவளையிற் கிடைத்தது மனித உறவு. தொல்காப்பியர் கூறிய செல்வம் மட்டும் இருந்து புணர்வு மறுக்கப்படுமாயின் உவகை பிறவாது. அன்றாட இன்பம் என்பது சமத்துவத்தின் அன்றாட வடிவம் என்று இதிலிருந்து துணியலாம்.

அத்தேநீரின் மறு நுனி மலையகத்தில் உள்ளது. கொழுந்து பறித்த கைகளுக்கு உரியோர், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டோர், பத்தடி லயன் அறைகளில் வாழ்ந்தபடி தமக்கென ஓர் இன்ப உலகைப் படைத்தனர். மாசி மாதத்துக் காமன் கூத்து இதற்குச் சிறந்த சான்று. மதனாகவும் ரதியாகவும் தோட்டத்து இளைஞர்களே வேடம் புனைய, தோட்டம் முழுவதும் அதில் ஈடுபடும். விடியுமுன் பிரட்டுக்கு அழைப்பதற்கு ஒலித்த தப்பே இரவிற் கூத்துக்கும் ஒலித்தது. ஒரே கருவி, பகலில் அது துரையின் நேரத்தை அறிவித்தது, இரவில் மக்களின் நேரத்தை அறிவித்தது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தமையின் பெறுமதி, இந்த இரண்டாவது நேரத்தின் பதிவேடாக அது அமைவதில் உள்ளது.

பெண்களின் நிலை தனித்து நோக்கத்தக்கது. மரியன்தாலில் வேலையிழந்த ஆண்களின் நாள் வெறுமையாகியபோது, பெண்களின் நாள் வெறுமையாகவில்லை. வீட்டு வேலை அதை நிரப்பியது. நம் இல்லங்களிலும் திருநாளின் இன்பம் பெரும்பாலும் பெண்ணின் மேலதிக உழைப்பாகவே உள்ளது. கொழுக்கட்டையின் சுவையைப் பாடுவோர் அதை அவித்தவளின் நாரிநோவைப் பாடுவதில்லை. எல்லோருக்கும் தேநீர் பரிமாறிவிட்டுத் தன் பங்கை ஆறிய பிறகு நின்றபடி குடிக்கும் தாயை நம்மில் அறியாதார் யார்? அல்லல் நீங்கிய உவகை என்ற அடையை முதலிற் சோதிக்கவேண்டிய இடம் நமது சொந்தக் குசினியே.

7. பண்டமாக்கப்பட்ட இன்பமும் மாற்றும்

இன்றைய நிலையில் இன்பம் தட்டுப்பாடான பொருள் அன்று. அது ஓயாது விற்பனைக்கு உள்ளது. கைத்தொலைபேசித் திரை ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு சிறு மகிழ்ச்சியை வழங்குகின்றது. அடோர்னோவும் ஹோர்க்கைமரும் 1940களிற் சினிமாவையும் வானொலியையும் நோக்கிக் கலாசாரக் கைத்தொழில் பற்றிக் கூறியவை இன்று மேலும் கூர்மையாகப் பொருந்துகின்றன: ஓய்வு நேரம் அடுத்த நாள் வேலைக்கான பழுதுபார்த்தலாகவும், அதுவே மற்றொரு இலாபக் களமாகவும் ஆக்கப்படுகின்றது. ஆயினும் மக்கள் அத்திரையிற் காண்பன எல்லாம் மயக்கமே என்று கூறுவது அறிஞரின் மேட்டிமை. வெளிநாட்டிலுள்ள மகனின் முகத்தை அதிற் காணும் தாயின் மகிழ்ச்சி பொய்யன்று. கருவியை அன்று, அதனோடு நாம் கொள்ளும் உறவையே மதிப்பிட வேண்டும்.

இங்கு பிரெக்டின் நிலைப்பாடு வழிகாட்டுகின்றது. அரசியல் நாடகத்தின் ஆசானாகிய அவர், 1949இல் வெளிவந்த அரங்கியற் சிறுநூலில், அரங்கின் தொழில் மகிழ்வித்தலே என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறினார். அறிதலும் உலகை மாற்றுதலும் இன்பமாகவே இருக்கமுடியும் என்பது அவரது துணிபு. நமது அனுபவமும் இதற்கு அரண் செய்கின்றது. 1960களிற் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது, அதில் ஆடிய மாணவர்கள் ஆய்வாளராகவும் நாடகாசிரியராகவும் வளர்ந்தனர். ஆடிய கால்களின் மகிழ்ச்சியும் ஆய்வின் கூர்மையும் அங்கு முரண்படவில்லை.

எனவே அன்றாட இன்பத்தை மதிப்பிடத் தொல்காப்பியரின் நான்கு களன்களையே இக்காலத்துக்கேற்ற வினாக்களாக மாற்றிக்கொள்ளலாம். இதற்குத் தேவையான பொருளும் நேரமும் எனக்கும் பிறருக்கும் உண்டா? இது என் புலனையும் அறிவையும் தேர்ச்சியையும் வளர்க்கின்றதா, மழுக்குகின்றதா? இது என்னைப் பிறரோடு சேர்க்கின்றதா, பிரிக்கின்றதா? இதில் இலாபம் கருதாத ஆட்டத்தின் சுதந்திரம் உண்டா? இவற்றோடு ஐந்தாவதாக, இது எவரது அல்லலின் மீது நிற்கின்றது என்ற வினாவையும் சேர்த்தல் வேண்டும்.

தனிமனிதன் செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. மனநிலை சீராகட்டும் என்று காத்திராது, நாளில் ஒரு சிறு செயலைத் தொடங்கலாம்: கைவிட்ட நூலை எடுத்தல், கிணற்றடி வாழைக்குப் பாத்தி கட்டல், நீண்டநாட் காணாத நண்பனின் வீட்டுப் படலையைத் தட்டல், வீட்டு வேலையைப் பங்கிட்டு எல்லோரும் ஒருங்கே அமர்ந்து உண்ணல். இவை சிறியவை, ஆயினும் சோதித்தறியப்பட்ட மருந்துகள். ஆனால் இம்மருந்து எல்லோருக்கும் கிட்டவேண்டுமாயின், வேலை நேரத்துக்கு வரம்பும், உழைப்புக்கு வாழத்தக்க ஊதியமும், ஊர்தோறும் வாசிகசாலையும் விளையாட்டிடமும், பெண்கள் அச்சமின்றி நடமாடும் மாலைகளும் தேவை. இவை தனிமனிதப் பயிற்சியால் வருவன அல்ல. கூட்டுப் போராட்டத்தால் வருவன.

இன்பத்தைப் போராட்டத்தின் பின்பு கிடைக்கும் பரிசாக ஒத்திவைக்கும் இயக்கம் தன் மக்களைக் களைப்படையச் செய்யும். போராட்டத்தை மறந்த இன்பம் ஒரு தோட்டத்துச் சுவருக்குள் சுருங்கிவிடும். அறுபது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத் தேநீர்க்கடையொன்றின் வாங்கில் முதன்முறையாக அமர்ந்து, கண்ணாடிக் குவளையைக் கையில் ஏந்திய தொழிலாளி இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். அவர் அருந்தியது தேநீர். வென்றெடுத்தது மனிதப் பெறுமதி. அந்த ஒரு மிடறின் இனிமையை விளங்கிக்கொள்வதே நலவாழ்வு பற்றிய நமது ஆய்வுகளின் தொடக்கமாக அமைதல் வேண்டும்.